லயாசிரியர் எமீல் ஜாக்-டால்க்ரோஸ்

ஒரு பாட்டைக் கேட்ட அளவில் அஃது எந்தத் தாளத்தில் அமைந்தது என்று சொல்லிவிடும் ஆற்றல் சிலர்க்குப் பிறவியிலேயே வாய்த்தது போலத் தோன்றுகின்றது. வேறு சிலர்க்கோ ஆண்டுக்கணக்கிற் பயின்றும் அது கைகூடுவதில்லை. அத்தகையோரை லயமில்லாதவர் என்று ஓர் ஓரத்தில் இருத்திவிடுவது ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அவ்வழக்கத்தை ஏற்காது, லயமில்லாதவன் என்று ஒருவனைத் தள்ளுமுன் அவனுக்கு நாம் கற்பித்த முறை யாது என்று ஆராய்ந்து, தம் வாழ்நாளை அவ்வாராய்ச்சிக்கே செலவிட்ட ஓர் ஆசிரியரின் சரித்திரத்தை இம்மாதம் நம் அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் நம் நாட்டவர் அல்லர், ஸ்விட்ஸர்லாந்து தேசத்தவர். எமீல் ஜாக்-டால்க்ரோஸ் என்பது அவர் பெயர். இசைப்புலவர்க்கும் நடனக்கலைஞர்க்கும் உலகெங்கும் தெரிந்த அப்பெயர், பள்ளிக்கூடத்து ஆசிரியர்களாகிய நம்மனோரிடையே பெரிதும் வழங்காதிருத்தல் ஒரு குறையே.

அவர் செய்த பணியை விளங்கிக்கொள்ள மேனாட்டுத் தாள அளவைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். அங்கே பாட்டைத் தாளில் எழுதிவைத்துப் படிப்பர். எழுத்து வரிசையின் தொடக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் நிற்கும். பாட்டுச் சிறுசிறு பகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுப்பினுள்ளும் எத்தனை சுரக்குறிகளின் அளவு அடங்கும் என்பதை மேலெண்ணும், அச்சுரக்குறி எவ்வளவினது என்பதைக் கீழெண்ணும் காட்டும். மூன்றின்கீழ் நான்கு நின்றால், பகுப்பு ஒன்றுக்குக் கால் அளவுக் குறிகள் மூன்று. ஆறின்கீழ் எட்டு நின்றால், அரைக்கால் அளவுக் குறிகள் ஆறு. கணக்குப் பார்ப்பவனுக்கு இவ்விரண்டும் ஒன்றே. மூன்று காலும் முக்கால், ஆறு அரைக்காலும் முக்கால். காதுக்கோ இவை இரண்டும் வெவ்வேறு. முன்னையது தக தக தக என்று மூன்று அடி வைத்து நடக்கும். பின்னையது தகிட தகிட என்று இரண்டே அடி வைத்து நடக்கும். எண்ணைக் கண்ணாற் கண்ட மாணாக்கன் இவ்வேற்றுமையை உடனே சொல்லிவிடுவான். எண்ணை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் வாசித்துக்காட்டினால் அவன் சொல்லுவானா? டால்க்ரோஸ் தம் வகுப்பில் எதிர்ப்பட்ட இடர் இதுவே.

அவர் 1865-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரிற் பிறந்தார். தாய் தந்தையர் ஸ்விஸ் மரபினர். தந்தையார் ஸ்விஸ் கடிகார வியாபாரத்தின் பிரதிநிதியாக அந்நகரில் வாழ்ந்தவர். தாயார் இசை கற்பிப்பவர்; குழந்தை முதலிற் புலன்களாற் கண்டறிந்து, பின்னரே சொல்லையும் விதியையும் பெறுதல் வேண்டும் என்ற பெஸ்டலோசியின் கல்விநெறியில் ஈடுபட்டவர். தாளம் கற்பிக்கப் பிறந்தவர் கடிகாரக்காரர் வீட்டிற் பிறந்தார் என்பதைக் கண்டு சிலர் வியத்தல் கூடும். யாம் அங்ஙனம் வியக்கவில்லை. கடிகாரத்தின் ஒலி ஒவ்வொன்றும் ஒரே வலியுடையது. அதில் முதல் தட்டு என்றும் இரண்டாம் தட்டு என்றும் வேற்றுமை கிடையாது. கேட்கின்ற நம் செவியே அதனை இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ கூட்டிக்கொள்கின்றது. சமமான கால ஓட்டம் வேறு, அவ்வோட்டத்தில் எடுத்தும் படுத்தும் அமையும் அளவு வேறு. கடிகாரம் முன்னதையே தரும். தாள அளவு என்பது பின்னது.

அவர் பத்து வயதினராக இருந்தபோது, 1875-இல், குடும்பம் ஜெனிவா நகருக்குப் பெயர்ந்தது. 1877-இல் அந்நகரத்து இசைக் கலாசாலையிற் சேர்ந்தார். பொதுக் கல்வி பெற்ற பள்ளியின்மீது அவருக்கு ஆயுள் முழுதும் கசப்பே எஞ்சியது. மனப்பாடமும் அடக்குமுறையும் குழந்தையின் உள்ளத்தை வாட்டிவிடுகின்றன என்பதை அவர் பிற்காலத்து எழுத்துக்கள் பலவற்றிலும் காண்கின்றோம். 1884-இல் பாரிஸ் நகரஞ் சென்று லியோ தெலீப் என்னும் இசைப்புலவரிடம் பயின்றார். நாடகக் கலையிலும் பழகினார். மத்தீஸ் லூஸி என்ற ஸ்விஸ் நாட்டு அறிஞரின் தொடர்பு அவர்க்குக் கிடைத்ததும் அங்கேதான். லூஸி, பாட்டு எங்கே மூச்செடுக்கின்றது, எங்கே அழுந்துகின்றது, எங்கே தளர்கின்றது என்று ஆராய்ந்து நூல் செய்தவர். முதற் பெருந்தட்டுக்கு முன்னே பாட்டுச் சிறிது தொடங்கிவிடுவதுண்டு. நம்மவர் அதீத எடுப்பு என்பர். அம்முன்னெடுப்பு, அடியெடுத்து வைப்பதற்கு முன் கால் மேலெழுவது போன்றது என்னும் கருத்தை டால்க்ரோஸ் பிற்காலத்தில் வளர்த்தமைக்கு வித்து லூஸியிடம் இருந்தது.

1886-இல் ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள அல்ஜியர்ஸ் நகரத்து நாடகசாலை ஒன்றில் துணை இசைநடத்துநராக வேலை ஏற்றார். ஒரு பருவமே அங்கிருந்தார். ஆனால் அப்பருவம் அவர் செவியைத் திறந்துவிட்டது. ஐரோப்பிய இசையில் அக்காலத்தே இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்னும் அளவுகளே பெருவழக்கு. அரபு இசைவாணர்களோ சமமற்ற தட்டுக்களையும் சமமற்ற பகுப்புக்களையும் வெகு எளிதாகக் கையாண்டனர். கலாசாலைகளிற் பல்லாண்டு கற்றவர்க்கு எட்டாத தாளங்கள், எழுத்து வடிவில் இசையைக் கண்டறியாத தொழிலாளர்க்கு இயல்பாக இருந்தன. கண்டச்சாப்பும் மிச்ரச்சாப்பும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை. இருபது வயது ஐரோப்பிய இளைஞருக்கு அது பெரிய செய்தி.

பெயரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அவருடைய குடிப்பெயர் ஜாக் என்பது மட்டுமே. அதே பெயருடைய இசைப்புலவர் ஒருவர் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரில் இருந்தமையால், நூல் பதிப்பிப்போர் மயக்கம் நேராதிருக்க வேறு பெயர் வேண்டினர். வால்க்ரோஸ் என்னும் நண்பர் ஒருவரின் பெயரில் முதலெழுத்தை மாற்றி டால்க்ரோஸ் என்று வைத்துக்கொண்டார். பின்னர் வியன்னா சென்று, பெரும்புலவராகிய அந்தோன் புரூக்னரிடம் சிறிது காலம் பாடங் கேட்டார். ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் மனம் ஒத்துவரவில்லை. 1892-இல் ஜெனிவாக் கலாசாலையில் சுரச்சேர்க்கை இலக்கணங் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். அப்போது வயது 27.

அவருடைய சரித்திரத்தின் சாரம் இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது. வகுப்பிலிருந்த மாணாக்கர் மந்தர் அல்லர். விதிகளைக் கசடறக் கற்றவர். கொடுத்த கணக்கைப் பிழையின்றிச் செய்து தாளை நீட்டினர். ஆனால் தாம் எழுதிய சுரச்சேர்க்கை எவ்வாறு ஒலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எண்கணிதம் போலச் சுரங்களைக் கூட்டினரேயன்றிச் செவியால் அவற்றைக் கேட்கவில்லை. இதைக் கண்ட இளைய ஆசிரியர், எழுதுவதற்கு முன்னே கேட்கவேண்டும் என்று முடிவு செய்து, செவிப்பயிற்சிகள் பல வகுத்தார். சுரங்களை இனங்காண்பதில் மாணாக்கர் தேறினர். சிறுவர்கள் பெரியோரினும் விரைவில் தேறினர் என்பதும் வெளிப்பட்டது.

ஆயினும் ஒரு குறை நின்றது. சுருதியை நுட்பமாகக் கேட்கும் மாணாக்கர் பலர் காலத்தைக் கேட்கமாட்டாதவராக இருந்தனர். சிலர் விரைந்தனர்; சிலர் பின்தங்கினர்; மூன்றில் தொடங்கிய பாட்டு நடுவில் நான்காக மாறினாலும் அறியாமல் மூன்றையே எண்ணிக்கொண்டிருந்தனர். எண்ணச் சொன்னால் வாயினால் ஒன்று, இரண்டு, மூன்று என்றனர். விரலோ வேறு வழியே சென்றது. இசை வாசிக்கையிற் காலந்தவறும் மாணாக்கர் ஒருவர் தெருவில் நடக்கையில் ஒழுங்காக அடி வைத்து நடப்பதை டால்க்ரோஸ் ஒருநாள் கண்ணுற்றார் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். காலம் அம்மாணாக்கர் உடம்பில் இல்லாமற் போகவில்லை. உடம்பிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து உடம்புக்கும் வழி திறக்கப்படவில்லை. ஆசிரியர் அம்மாணாக்கரிடமே விடையைக் கண்டுகொண்டார். நடை என்பது இயற்கை தந்த தாளக்கருவி. இரு கால்களும் காலத்தைச் சமமாகப் பகுக்கின்றன. உடலின் பாரம் ஓரடியில் விழுந்து மறு அடியில் எழுகின்றது. அழுத்தமான தட்டு எது என்பதை எண்ணி அறிய வேண்டுவதில்லை. பாரம் எங்கே விழுகின்றதோ அங்கே அது இருக்கின்றது.

இனி அவர் வகுப்பு நடத்திய முறையைச் சற்று விரிவாகவே சொல்வோம். ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு அதுவே பயன்படுவது. பரந்த கூடம், நாற்காலி மேசை இல்லை. ஆசிரியர் பியானோவின் முன் அமர்ந்து, முன்னே எழுதிவைத்த பாட்டை வாசியாமல், அப்போதைக்கப்போது தாமே கற்பித்து வாசிப்பார். மாணாக்கர் கூடத்தைச் சுற்றி நடப்பர். கால் அளவுக் குறி ஒலித்தால் ஓரடி. அரைக்கால் ஒலித்தால் இருமடங்கு விரைவில் ஓட்டநடை. அரை அளவு ஒலித்தால் ஓரடி வைத்து, அதன் இரண்டாம் பாதிக்கு நின்ற இடத்திலேயே முழங்காலைச் சிறிது மடக்குவர். நீண்ட சுரம் என்பது வெறுமனே காத்திருப்பது அன்று, அதற்குள்ளும் காலம் ஓடிக்கொண்டிருக்கின்றது என்பது இதனால் உடம்புக்கே தெரிந்துவிடுகின்றது. கால்கள் சுரத்தின் நீளத்தைக் காட்ட, கைகள் தாள அளவைக் காட்டும். இரண்டாயின் கீழே, மேலே. மூன்றாயின் கீழே, பக்கத்தே, மேலே. நான்காயின் கீழே, மார்பின் குறுக்கே, பக்கத்தே, மேலே. முதல் தட்டு எப்பொழுதும் கீழ்நோக்கியே விழும்.

இன்ன அளவு என்று ஆசிரியர் முன்னதாகச் சொல்லுவதில்லை. மாணாக்கர் கேட்டுக்கொண்டே நடந்து, முதலில் பாரம் எங்கே விழுகின்றது என்று தேடுவர். அவ்விடத்தே அடியைச் சிறிது அழுத்தி வைப்பர். ஓர் அழுத்தத்திலிருந்து அடுத்த அழுத்தம் வரையில் தாம் வைத்த அடிகள் எத்தனை என்பதே விடை. விடையை அவர் வாயாற் சொல்ல வேண்டுவதில்லை. கைகள் தாமே சொல்லிவிடும். எல்லாரும் மூன்றில் நன்றாக ஊறி நடக்கும்போது ஆசிரியர் அறிவிப்பின்றி நான்குக்கு மாறுவார், அதன்பின் ஐந்துக்கு. காது விழித்திருந்தவன் ஓரிரு பகுப்புக்குள் மாறிக்கொள்வான். பழக்கத்தால் நடந்தவன் பிறர்மேல் முட்டிக்கொள்வான். முட்டிக்கொண்டவனை ஆசிரியர் கடிந்ததில்லை என்றும் வேடிக்கை பேசிச் சிரிக்கவைத்தே திருத்துவார் என்றும் அவரிடம் பயின்றோர் குறித்துள்ளனர்.

இடையிடையே ஹாப் என்று ஒரு சொல் கூவுவார். முன்னமே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அச்சொல் கேட்டவுடன் மாணாக்கர் நிற்க வேண்டும், அல்லது பின்னோக்கி நடக்கவேண்டும், அல்லது நடையை இருமடங்கு ஆக்கவேண்டும். இது வெறும் விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் கேட்பதற்கும் செய்வதற்கும் இடையே உள்ள நொடியைக் குறைப்பதே அதன் நோக்கம். இதனினும் கடினமானது தொடர்நடைப் பயிற்சி. ஆசிரியர் ஒரு பகுப்பை வாசிப்பார், மாணாக்கர் கேட்டிருப்பர். அவர் இரண்டாம் பகுப்பை வாசிக்கும்பொழுது மாணாக்கர் முதற் பகுப்பை நடந்து காட்டுவர். மூன்றாவதை வாசிக்கும்பொழுது இரண்டாவதை. கால் சென்றதை நடக்கின்றது. செவி வருவதைக் கேட்கின்றது. வலக்கை மூன்றும் இடக்கை இரண்டுமாகத் தாளம் போடுதலும் உண்டு. அட்டாவதானம் செய்த நம் புலவர்களின் பெருமையை அறிந்த அன்பர்கட்கு இப்பயிற்சியின் அருமையை விரித்துரைத்தல் வேண்டா.

இவ்விடத்தில் எம் தொழிலைச் சார்ந்த ஒரு கருத்தைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் இல்லை. யாம் பாடசாலையில் யாப்பிலக்கணம் கற்பிக்கின்றோம். சீர் பிரித்து, நேர் நிரை குறித்து, தேமா புளிமா என்று ஒவ்வொன்றன்கீழும் எழுதி, தளை கண்டு, இது வெண்பா என்று முடிவு கட்டும் மாணாக்கர் மிகப்பலர். அதே வெண்பாவைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஓதிக்காட்டி, இஃது என்ன பா என்று வினவினால் விழிக்கின்றனர். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியத்துக்கு அகவலோசை, கலிக்குத் துள்ளலோசை, வஞ்சிக்குத் தூங்கலோசை என்று பரீட்சைத்தாளில் எழுதத் தெரியும். அவ்வோசை யாது என்று கேட்டறிந்ததில்லை. இலக்கணம் செய்த பெரியோர் ஓசையை முதலிற் கேட்டுப் பின்னரே அதற்கு அலகு கண்டனர். நாம் அலகை மட்டும் கொடுத்து ஓசையை விட்டுவிடுகின்றோம். ஜெனிவாவில் அவ்விளைய ஆசிரியர் எதிர்ப்பட்ட இடரும் நம் வகுப்பிலுள்ள இடரும் ஒன்றே என்பதில் எமக்கு ஐயமில்லை. நம் ஊர்களில் வட்டமாக நின்று கும்மியடிக்கும் சிறுமியர் ஒருவரும் எண்ணுவதில்லை. ஒருத்தியும் தாளந் தப்புவதுமில்லை. அவர்களே பள்ளியில் வந்து அமர்ந்தவுடன் காலும் கையும் கட்டப்பட்டு, கண் ஒன்றே திறந்திருக்கின்றது. சரித்திரத்துக்குத் திரும்புவோம்.

கலாசாலைத் தலைவர்கள் இப்புதுமுறையை முழுமனத்தோடு வரவேற்கவில்லை. இசை கற்க அனுப்பிய பிள்ளைகள் கூடத்தில் ஓடுவதும் குனிவதுமாக இருப்பதைப் பெற்றோர் பலர் விரும்பவில்லை. மாணவியர் காலணியின்றித் தளர்ந்த குற்றாடை அணிந்து பயின்றது, கால்வின் என்னும் சமயத்தலைவரின் கட்டுப்பாட்டில் வளர்ந்த அந்நகரத்தார்க்குப் பெரும் அபவாதமாகத் தோன்றியது. டால்க்ரோஸ் பின்வாங்கவில்லை. 1899-இல் அவர் மணந்துகொண்ட நீனா பலியேரோ என்னும் பாடகியார் அவர்க்கு உறுதுணையாக இருந்தார். குழந்தைகட்காக அவர் இயற்றிய அபிநயப் பாட்டுக்கள் ஸ்விட்ஸர்லாந்தின் பிரெஞ்சு மொழிப் பகுதியில் வீடுதோறும் பரவின. 1903-இல் வோ மாநிலத்து நூற்றாண்டுக் கொண்டாட்டத்திற்கு அவர் அமைத்த பெருவிழா இசை, ஊரார்க்கெல்லாம் அவரை நன்கு தெரிந்தவராக்கிற்று. எனவே அவரை எளிதில் தள்ளிவிடவும் இயலவில்லை. 1905-இல் ஸோலொதூர்ன் நகரிற் கூடிய ஸ்விஸ் இசைவாணர் மாநாட்டில் தம் மாணாக்கரைக் கொண்டு இம்முறையை நடத்திக்காட்டினார். ஜெனிவாவின் உளநூல் அறிஞராகிய எதுவார் கிளபரேத் அதனை ஆதரித்தார். 1906-இல் முறை நூல் வடிவில் வெளிவந்தது. ஆசிரியர்கட்கான முதற் பயிற்சி வகுப்பும் அவ்வாண்டிலேயே நடந்தது. அரங்கமைப்பிலே புதுவழி கண்ட அடோல்ப் அப்பியாவின் நட்பும் அவ்வாண்டிற் கிடைத்ததே.

சொந்த ஊர் அரைமனத்தோடு ஏற்றதை அயலூர் முழுமனத்தோடு ஏற்றது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தின் அருகே, மரத்தளவாடத் தொழிற்சாலை ஒன்றைச் சார்ந்து, தொழிலாளர் நல்ல காற்றும் வெளிச்சமும் பெற்று வாழும் பொருட்டு ஹெல்லராவ் என்னும் தோட்டநகரம் 1909-இல் தொடங்கப்பெற்றது. அதன் முதல்வர்களுள் ஒருவரான வுல்ப் டோர்ன் என்னும் இளைஞர், டால்க்ரோஸின் மாணாக்கர் பயிற்சியைக் கண்டு மனம் உருகி, இம்முறைக்கென்றே ஒரு பள்ளி கட்டித் தருவதாக அழைத்தார். 1910-இல் டால்க்ரோஸ் ஜெனிவாவை விட்டுப் புறப்பட்டார். 1911-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஹைன்ரிக் தெஸ்ஸனோவ் என்பார் கட்டடம் வகுத்தார். அதன் பெருங்கூடத்தில் மேடைக்கும் சபைக்கும் இடையே திரை இல்லை. சுவரிலும் மேல்தளத்திலும் மெழுகு தோய்ந்த துணியைப் போர்த்தி, அதன் பின்னே ஆயிரக்கணக்கான மின்விளக்குகளை வைத்தனர். கூடம் முழுதுமே ஒளியாக நின்றது. இசை ஏறினால் ஒளி ஏறும். இசை தாழ்ந்தால் ஒளியும் தாழும். பல நாட்டு மாணாக்கர் அங்கே வந்து பயின்றனர். அவ்வூர்ச் சிறாரும் பயின்றனர்.

1912-லும் 1913-லும் அங்கே விழாக்கள் நடந்தன. குளுக் என்னும் இசைப்புலவரின் ஆர்பியஸ் நாடகத்தை மாணாக்கரே ஆடிக்காட்டினர். ஆங்கில நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, ரஷ்ய நடனக் குழுவின் தலைவர் தியாகிலெவ் முதலிய பலரும் அவ்வூரைத் தேடி வந்தனர். தியாகிலெவின் வருகையால் விளைந்தது ஒன்றைக் கூறவேண்டும். ஸ்திராவின்ஸ்கி என்பார் வசந்தச் சடங்கு என்ற இசையை அப்பொழுது அமைத்துக்கொண்டிருந்தார். அதில் தாள அளவு பல இடங்களில் பகுப்புக்குப் பகுப்பு மாறும். இரண்டு, மூன்று, ஐந்து என்று அடுத்தடுத்து வரும். தேர்ந்த நடனக்காரர்களே அதனைக் கேட்டு அடி வைக்கமாட்டாது தவித்தனர். அவர்களுக்கு அளவைப் பழக்கித் தருவதற்காக, டால்க்ரோஸின் மாணவியராகிய மாரி ராம்பர்ட் என்பாரைத் தியாகிலெவ் அமர்த்திக்கொண்டார். 1913-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் பாரிஸ் நகரில் அந்நடனம் அரங்கேறியபோது சபையிற் கூச்சலும் கலகமும் எழுந்தன என்பது உலகறிந்த கதை. ராம்பர்ட் அம்மையார் பின்னர் இங்கிலாந்தில் நடனக்கலை வளர்த்த பெரியாருள் ஒருவரானார். லண்டன் நகரிலும் 1913-இல் டால்க்ரோஸ் முறைப் பள்ளி ஒன்று தோன்றியது.

1914 வந்தது. பிப்ரவரி மாதத்தில், பனிமலையிற் சறுக்கிச் செல்லுகையில் நேர்ந்த விபத்தில் வுல்ப் டோர்ன் உயிரிழந்தார். கோடையில் மகாயுத்தம் மூண்டது. டால்க்ரோஸ் அப்பொழுது ஜெனிவா நகரத்து விழா ஒன்றின்பொருட்டுத் தாய்நாட்டில் இருந்தார். செப்டம்பரில் ஜெர்மானியப் படை பிரான்ஸ் தேசத்து ரெய்ம்ஸ் நகரப் பேராலயத்தின்மீது பீரங்கிக் குண்டு பொழிந்தது. அச்செயலைக் கண்டித்து ஜெனிவாவின் கலைஞரும் அறிஞரும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஓவியர் ஹோட்லர் கையெழுத்திட்டார், டால்க்ரோஸும் கையெழுத்திட்டார். தம் பள்ளியும், அதில் முதலிட்டோரும், தம் புகழுக்குக் காரணமான கூடமும் ஜெர்மனியில் இருக்கின்றன என்பது அவர் அறியாததன்று. ஸ்விட்ஸர்லாந்து நடுநிலை நாடு. வாளாவிருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார். ஜெர்மானியப் பத்திரிகைகள் நன்றி கெட்டவர் என்று அவரைத் தூற்றின. ஹெல்லராவின் கதவு அவருக்கு அடைபட்டது. தம்மை வரவேற்ற நாட்டை எதிர்த்துக் கையெழுத்திட்டது முறையா என்று கேட்பவர் உண்டு. யாம் அதனை முறை என்றே கொள்கின்றோம். விருந்தளித்தவன் அயலான் வீட்டைக் கொளுத்தினால், உண்ட சோற்றை எண்ணி வாய்மூடியிருத்தல் நன்றியாகாது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அத்தகைய கூடம் பின்னர் அவர்க்கு வாய்க்கவில்லை.

ஐம்பதாம் வயதில் மீண்டும் தொடங்கினார். நண்பர்களும் நகரத்தாரும் பொருள் உதவ, 1915-இல் ஜெனிவாவில் அவர் பெயராலேயே ஒரு பள்ளி எழுந்தது. முன்பு முகஞ்சுளித்த நகரமே இப்பொழுது இடந்தந்தது. அவருடைய கட்டுரைகள் 1920-இல் லயமும் இசையும் கல்வியும் என்னும் பொருளுடைய பெயரோடு நூலாக வெளிவந்தன. மாணாக்கர் பல நாடுகளிற் சென்று பரப்பினர். பார்ஸலோனா நகரில் யுவான் லியோங்கராஸ் என்ற மாணாக்கர் பார்வையிழந்த சிறார்க்கு இம்முறையைக் கற்பித்தார். தாளத்தைக் கண்ணால் அன்றிச் செவியாலும் உடம்பாலும் அறியலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இம்முறையிற் குறைகாண்போரும் இருந்தனர். அவர் கூற்றை முற்றும் தள்ளுதற்கில்லை. சுரத்துக்கு ஓரடி வீதம் வைத்தால் நடனம் தன் வடிவத்தை இழந்து இசையின் நிழலாகிவிடும் என்று நடனக்கலைஞர் சிலர் சொல்லினர். டால்க்ரோஸே தம் பயிற்சி நடனம் அன்று, இசைக்கல்வி என்று பலகாலும் விளக்கினார். விழாக்களின் பொலிவைக் கண்டவர்க்கு அவ்வேறுபாடு விளங்காமற் போனதில் வியப்பில்லை. எமக்குத் தோன்றும் குறை வேறொன்று. இம்முறை முழுவதும் ஆசிரியரின் திறத்தையே சார்ந்து நிற்கின்றது. மாணாக்கரின் நடையைக் கண்டு அந்நொடியிலேயே அதற்கேற்ற இசையைப் படைத்து, மீண்டும் அந்நடையைத் தன் வழிக்கு இழுக்கும் ஆற்றல் ஆசிரியர்க்கு வேண்டும். அஃது இல்லாதவர் கையில் இம்முறை வெறும் தேகப்பயிற்சியாக முடியும். இதனை உணர்ந்தே அவர், லயப்பயிற்சி, செவிப்பயிற்சி இரண்டோடு, கற்பனையாக வாசிக்கும் பயிற்சியையும் மூன்றாவதாக வைத்து, மூன்றிலும் தேறாதவர்க்கு ஆசிரியச் சான்று தரமறுத்தார். 1909-இல் முதற்சான்று வழங்கிய நாள் முதல் அக்கட்டுப்பாடு தளரவில்லை. தம் பெயரைச் சொல்லிக்கொண்டு அரைகுறையாகக் கற்பிப்போரிடம் அவர்க்கு இருந்த கோபம், தாளந்தப்பிய குழந்தையிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

இரண்டாம் மகாயுத்தத்தையும் கண்டு, எண்பத்துநான்கு ஆண்டு நிறைந்து, எண்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில், 1950-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் ஜெனிவாவில் டால்க்ரோஸ் காலமானார். அவர் நிறுவிய பள்ளி அந்நகரில் இன்றும் நடைபெறுகின்றது. ஹெல்லராவ் கூடமோ ஹிட்லர் ஆட்சியில் படைவீடாக மாறியது. யுத்தத்தின் பின் சோவியத் படையின் கைக்குச் சென்றது. சிறுவர் தாளங் கேட்டு வெறுங்காலோடு நடந்த தரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படைவீரரின் காலணிகள் ஒலித்தன. 1992-இல் அப்படை வெளியேறிய பின்னர் கட்டடத்தைச் செப்பனிட்டனர். இப்பொழுது அங்கே மறுபடியும் இசையும் நடனமும் நடந்து வருகின்றன.